மாடு எண்டு எழுதும்

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்
எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி,
"ஷெல்லோ?"
இல்லை. மாடு.

தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் நடுவில்
இரவு எட்டேகால்.
ஸ்கூட்டியில் இரண்டு பால் கான்.
றோட்டில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது இருட்டு.
அது எழும்பிப் போனது.
நான் எழும்பவில்லை.

கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் இழுபட்டதாம்,
ஒன்று அறுந்தும் இருக்கலாமாம்.
ஸ்கான் படத்தைச் சன்னலில் பிடித்துக் காட்டினார் டொக்டர்.
எனக்கு வாய்க்கால்கள்தான் தெரிந்தன.

நோவுக்குப் பத்துக்குள் இலக்கம் சொல்லவேணும்.
விடியப்புறம் மூன்றரைக்குத்
தோளுக்குள் ஒருத்தன் வெல்டிங் அடிக்கிறான்.
அதற்கு எத்தனை?

முதலில் குளிசை. இரவில் ஒன்று, பிறகு இரண்டு.
நோவு கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது,
கூடவே நானும்.
முப்பத்தாறு லீற்றரை அறுபத்துமூன்று என்று எழுதினேன்.
சீவரத்தினத்தார் பேசாமல் காசை மடித்தார்.

பிறகு அகல்விழியின் அறை.
நாலு பசைத்துண்டை ஒட்டிக் கரண்ட் விடுவாள்.
எறும்பு ஊரும்.
ஊரும் மட்டும் நோவில்லை.
"விரலால சுவரில ஏறுங்கோ அக்கா."
ஏறின இடத்தில் பென்சில் கோடு.
ஏழு கிழமையில் நாலு விரற்கடை.

யாழ்ப்பாணத்தில் நரம்பைச் சுற்றி மரக்கப் போடும் ஊசி இருக்கு:
மூன்று மாதம் தாங்கும், தாங்காமலும் விடும்.
கொழும்பில் ஒப்பரேசன்:
காலிலிருந்து நரம்பெடுத்துத் தோளில் தைப்பார்கள்.
ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால் நல்லம் என்றார்,
ஒன்பதாம் மாதத்தில்.
ஆனாலும் போய்க் காட்டுங்கோ என்றார்.

நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் வளருமாம்.
வளர்ந்தால்.
தையல் ரேப்பால் தோளிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தேன்.
எழுநூற்றுப் பத்து.
இரண்டு வருசத்துக்கு இருபது நாள் குறைய.

போன கிழமை நிறுவனக்காரர் வந்தார்கள்.
யுத்தத்தில் காயப்பட்டவர்களுக்குக்
கொழும்புச் செலவு முழுக்கக் கிடைக்குமாம்.
நிறைமதிதான் ஃபோம் நிரப்பினாள்.
'காரணம்' என்ற இடத்தில் பேனை நின்றது.
"ஷெல் எண்டு போடட்டோ அக்கா?
ஆர் பாக்கப் போயினம்?"

ஆர் பாக்கப் போயினம்.
மாத்தளனில் பங்கருக்குள்
என் தோளோடு தோள் ஒட்டிக் குந்தியிருந்தாள் பிருந்தினி.
அவளுக்குப் பட்டது.
எனக்கு ஒரு கீறலுமில்லை,
சட்டையில் மட்டும்.

மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும்.

"மாடு எண்டு எழுதும்," என்றேன்.
எழுதினாள்.
பிறகு, இடம் மிச்சமிருந்தபடியால்,
கறுப்பு என்றும் போடச் சொன்னேன்.