முப்பத்தாறு கன அடி

ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரம்.
பெருக்கினால் முப்பத்தாறு கன அடி.
மூணாறு தலைப்பில் ஒரு ஷட்டரை
நாலங்குலம் தூக்கினால்
ஒரே நொடியில் போய்விடும் தண்ணீர்.
அதற்குத்தான் வீட்டுக்கார கனி ராவுத்தர்
ஒரு வாரம் யோசித்தார்.
"ஒரு டன்னுங்கிறியளே, தாங்குமா?"
தரைத்தளம்தானே பாய்.
"அதான் கேக்குறேன். கீழே களிமண்ணுல்ல."

சரிதான்.
நீடாமங்கலத்தில் எதுவும்
களிமண்ணைக் கேட்டுத்தான் நிற்கிறது.
சட்டத்துக்கு எட்டுக் கால் வைத்து
காலுக்கொரு பலகைக்கல் கொடுத்தான் ஆரோக்கியதாஸ்.
"திருக்கையா? குழம்புக்கா வளக்குறீங்க?"
இது கடலே பார்க்காத திருக்கை,
அமேசான் ஆற்றுச் சாதி, உடம்பெல்லாம் மஞ்சள் பொட்டு.
"வாலுல முள் இருக்கா?"
இருக்கு.
"அப்ப சரி," என்று வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

நான் பங்கு வைக்கிற வெண்ணாற்றை
என் தொட்டியில் விட முடியாது.
வயல் மருந்தைக் கழுவிக்கொண்டு வருகிறது,
நெல் பிழைத்துக்கொள்ளும், இது பிழைக்காது.
போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது.
ஆக, ஐம்பது கேன்.
முப்பதாவதை இறக்கும்போது முகிலன் கேட்டான்,
"அக்கா, வீட்ல யாருக்குக் கல்யாணம்?"

பிறகு ஆறு வாரம் மீனில்லாத தண்ணீர்.
தினம் சில துளி அம்மோனியா.
வடிகட்டிப் பஞ்சுக்குள்
கண்ணுக்குத் தெரியாத ஒரு ஊர் குடியேறி,
அழுக்கைத் தின்னப் பழகவேண்டும்.
இரவில் சோதனைக்குழாயை விளக்கருகே பிடிப்பேன்.
பச்சை என்றால் விஷம். மஞ்சள் என்றால் தேவலை.
பகலெல்லாம் பச்சைக்காகச் சம்பளம் வாங்குகிறவள்
மஞ்சளுக்காகக் கண்விழித்தேன்.
வந்தவர்கள் கண்ணாடியில் மூக்கை வைத்துத் தேடினார்கள்.
"ஒளிஞ்சிருக்கா?"
சிலரிடம் ஆமாம் என்றேன்.

சூடேற்றி வாங்கவில்லை. இங்கே மே மாதம் இருக்கிறது.

மிச்சம் மணல்.
புதைந்துகொண்டு கண்ணை மட்டும்
வெளியில் வைக்கிற பிறவி இது.
எம்.சாண்ட் ஆகாது,
உடைத்த கல்லுக்கு விளிம்பு உண்டு, வயிற்றைக் கிழிக்கும்.
ஆற்று மணல் வேண்டும்,
உருண்டு உருண்டு கோபம் தீர்ந்த மணல்.
ஆபீஸ் கொல்லையில் கிடக்கிறது, பிடிபட்ட இரண்டு லோடு,
வழக்கு எண் பலகையும்
உச்சியில் முளைத்த ஆமணக்குமாக.
பட்டியலில் கையெழுத்து என்னுடையது.

லஸ்கர் செல்லக்கண்ணு ஒரு சாயங்காலம்
இரண்டு சாக்கை வண்டியில் கட்டி நின்றார்.
"ரெண்டு சாக்குதானேம்மா. பூனை அள்ளுறது இதைவிட அதிகம்."
கையை உள்ளே விட்டேன்.
மேலே வெயில், மணிக்கட்டு ஆழத்தில் இன்னும் ஆறு.
எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, அவர் இருமினார்.
கொட்டிடுங்க, என்றேன்.
அந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சென்னை பஸ்ஸில் தெர்மோகோல் பெட்டி வந்தது.
முள்ளுக்கு உறைபோல் ஒரு பிளாஸ்டிக் குழாய்.
பையை மிதக்கவிட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து,
அவிழ்த்துவிட்டேன்.
சாப்பாட்டுத் தட்டளவு.
வெறும் கண்ணாடித் தரையில் இறங்கி
ஓரங்களைப் படபடவென்று அடித்தது,
மணலை வாரித் தன்மேல் போட்டுக்கொள்கிற அடி.
ஒன்றும் எழும்பவில்லை.
நகர்ந்துபோய் வேறிடத்தில் அடித்தது.
கோரையாற்றில், களி தெரியத் தோண்டிய பள்ளங்களை
அளந்து எழுதியிருக்கிறேன்,
நீளம், அகலம், ஆழம்.
படுக்கப்போகிற ஒன்றின் பக்கமிருந்து
அளந்ததில்லை.

மறுநாள் ராவுத்தர் வந்தார்,
தரையில் விரிசல் பார்க்க.
அது கண்ணாடியில் ஏறி
வெள்ளை அடிவயிற்றைக் காட்டியது.
"அட, சிரிக்குதே!"
அது முகமில்லை பாய். கண்ணெல்லாம் அந்தப் பக்கம்.
"அப்ப இது?"
மூக்கும் வாயும். தேடுது.
"எதை?"
செல்போன் அடித்தது, தலைப்பிலிருந்து ஆறு மணி அளவு.
இறால், என்றேன்,
எடுத்துவரப் போனேன்.