நீலம் செத்த பெட்டி

ஸ்ரான்லி வீதியில் என் கடை.
அன்று திருத்த வந்ததும் திருத்தி முடிந்ததுமாக
ஐந்து தொலைக்காட்சிகள் ஓடிக்கொண்டிருந்தன.
ஐந்திலும் அவ.

உச்ச நீதிமன்றத்துக்குப் போக இருந்தவர் எங்கட ஆள்.
படித்த பள்ளிக்கூடத்து மதிலில்
வாழ்த்துப் பதாகை ஏற்கெனவே கட்டியாயிற்று.
நியமிக்கலாமா என்று கொழும்பில் ஒரு குழு விசாரிக்க
அவ வந்து கதிரையில் இருந்தா.
ஒரு காலம் அவருடைய கந்தோரில் தட்டச்சு அடித்தவ.
மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தா.
இருபத்துமூன்று வருடத்துக்குப் பிறகு
சொல்லத் தொடங்கினா.

"ஆற்றை மகளாம்?"
முதல் கேள்வி குழு கேட்டதல்ல,
ரைஸ் குக்கரோடு வந்த இராசகுலேந்திரம் மாஸ்டர் கேட்டது.
"சங்கானைப் பக்கமாம்."
"கலியாணம் கட்டினதோ?"
"கட்டி, விட்டதாம்."
"அப்ப சரி" என்றார்.
எது சரியென்று சொல்லவில்லை.

மழை நாள் என்றா.
கோப்பு எடுக்க உள்ளே கூப்பிட்டவர் என்றா.
கொண்டி விழுந்த சத்தம் என்றா.
பிறகு தண்ணீர் கேட்டா.
போத்தல் மேசையின் மற்ற அந்தத்தில்.
பத்துப் பேர் இருந்த மேசை.
ஒருவரும் எழும்பவில்லை.
ஐந்து பெட்டியிலும் ஒருவரும் எழும்பவில்லை.

"எங்கட ஒருத்தன் மேல போறது
ஆருக்கோ பொறுக்கேல்லை" என்றான்
ஓட்டோக்காரக் கிருபா.
"இவ்வளவு காலமும் வாயில என்ன கொழுக்கட்டையோ?"
மரியநேசம் ரீச்சர் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு
"பிள்ளை பாவம்" என்றா,
உடனே "அந்த மனுசனும் பாவம்" என்றா,
பிறகு விசிறியைக் கூட்டிவிடச் சொன்னா.

குழுவில் ஒருவர் கேட்டார்:
உங்கள் குடை என்ன நிறம்?
நீலம்.
எழுத்தில் கறுப்பு என்றல்லவா தந்திருக்கிறீர்கள்?
அவ குனிந்து தன் கைகளைப் பார்த்தா.
கருநீலம், என்றா.

கடை சிரித்தது.
கிருபா தொடையில் தட்டினான்.
"போச்சு! முடிஞ்சுது அலுவல்!"
மாஸ்டர் குக்கர் மூடியைத் திருகியபடி
"ஒரு குடையின்ர நிறமே தெரியாதவள்..." என்று இழுத்தார்.

ஈயம் உருக்கிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன்.
முதற் பெட்டியில் அவ கட்டியிருந்தது பச்சைச் சேலை.
பக்கத்துப் பெட்டியில் சாம்பல்.
மேல்தட்டில் ஊதா.
சுன்னாகத்தாரின் பழைய குண்டுப் பெட்டியில்
நீலம் செத்து, மஞ்சள் பிடித்த ஏதோ ஒன்று.
ஐந்தாவது கோடு கோடாய்,
நிறம் சொல்ல ஏலாது.
ஒரே வயரில் இருந்துதான் ஐந்துக்கும் பிரித்திருந்தேன்.

வாய் திறந்திருக்கலாம்.
"சேலை என்ன நிறம், சொல்லுங்கோ பாப்பம்"
அவ்வளவும் போதும்.
மாஸ்டர் எனக்குக் கணக்குப் படிப்பித்தவர்.
கிருபா என் சாமான்களைக் கடனுக்கு ஏற்றி இறக்குகிறவன்.
திரும்பவும் குனிந்தேன்.
புகை கண்ணில் எரிந்தது.
ஈயப் புகைதான்.

அயன் பெட்டி எடுக்க வந்த ஒருத்தி
அவ்வளவு நேரமும் வாசலடியில் நின்றவ.
துண்டில் யோகமலர், அரியாலை என்று மட்டும்.
காசை எண்ணி வைத்தா.
"உங்கட கடைக் கதவுக்குக் கொண்டியோ?"
"இல்லை அக்கா, சங்கிலி."
"நல்லது" என்றுவிட்டுப் போனா,
அயன் பெட்டியை எடுக்காமலே.

புதன்கிழமை, ஏழுக்கு மூன்று.
மதிலடியில் வெடி கொளுத்தினார்கள்.
கிருபா வந்து கிரிக்கெட் போடச் சொன்னான்.
ஐந்து பெட்டியிலும் ஐந்து விதப் புல்.
யார் வென்றார்கள் என்பதில்
ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

நான்கு பெட்டிகள் போய்விட்டன.
சுன்னாகத்தார் இன்னும் வரவில்லை.
அயன் பெட்டி றாக்கையில் கிடக்கிறது, துண்டோடு.
அந்த நீலத்துக்கு ஒரு சின்னச் சாமான் வேண்டும்,
எண்பது ரூபா பெறாது.
வாங்கி வைத்திருக்கிறேன், மேசை லாச்சிக்குள்.
லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.
இன்னும் போடவில்லை.