எங்கள் எண், அவர்கள் இறக்கை

பெர்கன் நிலையத்துப் பலகையில்
ஒரே விமானத்துக்கு இரண்டு எண்கள்
மாறி மாறி மின்னுகின்றன.
முதலாவது எங்களுடையது.
பறப்பது அவர்களுடையது.

கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தான அன்று
கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு.
"நாற்பது புதிய ஊர்கள், சூன்னிவா!
ஒரு விமானம்கூட வாங்காமல்" என்றார் ட்ரூல்ஸ்.
வாங்காமல் என்பதை மட்டும்
இரண்டு முறை சொன்னார்.

ஆர்டர் கொடுத்திருந்த ஆறும்
காகிதத்திலேயே தரையிறங்கின.
அவற்றுக்காகக் கொட்டகையில் தீட்டிய
மஞ்சள் கோடுகளுக்குள்
பனி அள்ளும் வண்டிகள் நிற்கின்றன.

பணிமூப்புப் பட்டியலில் நான் நூற்றுப் பன்னிரண்டு.
போன வருடமும் நூற்றுப் பன்னிரண்டு.
கேப்டனின் இடது இருக்கை
எட்டிப்பிடிக்கும் தூரம்தான்,
ஒன்பது வருடமாக.

யாரையும் நீக்கவில்லையே என்கிறார்கள்.
வாஸ்தவம்.
யாரையும் சேர்க்கவுமில்லை.

இன்று விடுப்பு. லிஸ்பனுக்குப் பயணியாக,
இருபத்து மூன்று சி.
எங்களோடு பறப்பதற்கு நன்றி என்கிறது
முகம் தெரியாத கேப்டனின் குரல்.
எங்களோடா, நம்மோடா?

ஓடுதளம் நெருங்குகிறது.
இடமிருந்து அடிக்கும் குறுக்குக் காற்றுக்கு
என் வலது கால்
முன்னிருக்கைக்கு அடியில்
இல்லாத மிதியை அழுத்துகிறது.

பயமா என்கிறார் பக்கத்தில் இருப்பவர்.

பழக்கம்.