எண்பது எழுத்து

நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற நவம்பர்.
ரீகா ரயில் நிலையத்தில்
தவறிய பொருள் அறையைப் பூட்டிவிட்டு
டிராமில் நின்றபடியே வீடு வருகிறேன்.
ஒரு கோப்பை கேஃபிர், கறுப்பு ரொட்டி,
மடிக்கணினியில் திறந்து கிடக்கும் நான்கு ஜன்னல்கள்.
மூன்று வாரமாக வீடு பார்க்கிறேன்.
குடியேறப்போவது என் வாக்கியங்கள்.

முதலாவது இலவசம்.
வாடகையே வேண்டாமாம்.
பத்திக்குப் பத்தி நடுவில் மட்டும்
மூட்டுவலித் தைலம் விற்றுக்கொள்வார்களாம்.

இரண்டாவதற்கு மாதம் ஐந்து யூரோ.
பதினான்கு நாள் சும்மா இருந்து பார்க்கலாம்.
காலி செய்யும்போது
எழுதியதை எடுத்துப் போக விடுவீர்களா என்று தேடினால்
பொடி எழுத்தில் ஒரு பதில்,
அதைத் தொட்டால் இன்னொரு கதவு,
அதற்குள் இன்னொன்று.

மூன்றாவது அழகு.
வெள்ளைச் சுவர், தாராளமான வெறுமை.
காலை வைத்ததும் கேட்டது:
உங்கள் வாசகர் யார்? வயது? வருமானம்?
எழுந்துபோய்க் கோப்பையைக் கழுவினேன்.

நான்காவது, டிக்கெட் கவுண்டர் ஐனார்ஸ் சொன்னது.
எல்லாம் நம் இஷ்டம் என்றான்.
செங்கல் தருவார்கள், கம்பி தருவார்கள்.
கொத்து வேலை மட்டும்
நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெயரிலும் தகராறு.
முகவரியில் நெடில் கோடு ஏறாதாம்.
எங்கள் மொழியில் அந்தக் கோட்டைக் கழற்றினால்
கல்யாணம் வெள்ளாடுகள் ஆகிவிடும்.
போகட்டும் என்று
வெல்கா என்று மட்டும் தட்டினேன்.
ஏற்கெனவே ஒருத்தி எடுத்துக்கொண்டாள்.
போய்ப் பார்த்தேன்.
பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு பதிவு:
"வணக்கம். இனி அடிக்கடி எழுதுவேன்."

எதைத்தான் எழுதப் போகிறேன்?
கையுறைகளில் வலதுதான் அதிகம் தொலைகிறது,
சீட்டை எடுக்கக் கழற்றுவது அதைத்தானே.
யெல்காவா வண்டியில் வந்த பல்செட்.
பெயரைப் பாதி எழுதி நிறுத்திய பிறந்தநாள் கேக்,
சாயங்காலத்துக்குள் யாரும் வராததால்
நானும் ஐனார்ஸும் தின்றது.
அடுத்தவர் பை. அடுத்தவர் பல்.
திறந்து ஊருக்குக் காட்ட நான் யார்?
இந்தக் கேள்வியை
நான்கில் ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஓக்ரேயிலிருந்து ஒருவர்
குடையைக் கேட்டு வந்தார்.
பதிவேட்டைத் திருப்பினேன்.
தேதி, வண்டி, பொருள், குறிப்பு.
குறிப்புக் கட்டத்தில் எண்பது எழுத்துதான் அடங்கும்.
பதினோரு வருடமாக அதற்குள்தான் மடக்கி எழுதுகிறேன்.
"கறுப்புக் குடை. உடைந்த கம்பியில் செம்புக் கட்டு.
கட்டியவர் பொறுமைசாலி."

மேசைக்கு அந்தப் பக்கமிருந்து
தலைகீழாகவே படித்துவிட்டார்.
"பொறுமையா? திட்டிக்கொண்டே கட்டினேன்.
திருத்துங்கள்."
சிரிக்கவில்லை. நிஜமாகவே சொன்னார்.
அடித்துத் திருத்தினேன்.
கையெழுத்துப் போட்டார், குடையை வாங்கினார்,
போகவில்லை.
தாளை ஈரவிரலால் புரட்டிப்
போன மாதத்துக்குப் போனார்.
பல்செட்டில் நின்றார். கேக்கில் நின்றார்.
"இதை என்ன செய்தீர்கள்?"
நான் பேனா மூடியைத் தேடினேன்.
ஐந்து நாற்பது வண்டி அவரை விட்டுவிட்டுப் போனது.

அன்றிரவு மூன்று ஜன்னல்களை மூடினேன்.
ஐந்து யூரோக்காரனை மட்டும் விட்டுவைத்தேன்,
காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.
இன்று ஒன்பதாம் நாள்.
உள்ளே இருப்பது இவ்வளவுதான்:
வலதுகைக் கையுறை, பச்சைக் கம்பளி,
பெருவிரலில் ஓட்டை,
ஓட்டையைச் சுற்றி வேறு பச்சையில் தையல்.

வெளியிடு என்கிற பொத்தான்
நீலமாகக் காத்திருக்கிறது.
பக்கம் முடிவில்லாமல் கீழே இறங்குகிறது.
கைதான்
எண்பதாவது எழுத்தில்
தானாக நின்றுவிடுகிறது.