இரண்டு கொப்புளம்

இரவு லக்சிகனின் முதுகில் இரண்டு கொப்புளம்.
நுளம்புக்கடி என்றார் இவர்.
நான் வேப்பங்கொப்பு முறிக்கப் போனேன்,
அம்மாள் என்று வாய் திறக்காமல்.

விடிந்தால் தெல்லிப்பளையில் எனக்குக் கிளினிக்.
மார்பில் எடுத்த தசைத்துண்டின் ரிப்போர்ட்.
தவறவிட்டால் அடுத்த திகதி சித்திரை கழிந்துதான்.
கேட்டுப் போவமென்று எடுத்த போன்
அடித்து அடித்து ஓய்ந்தது.

சின்னனில் எனக்கு வந்ததோ தெரியாது.
கேட்க அம்மா இல்லை.
இடம்பெயர்ந்து ஓடிய வருசங்களில்
எந்தக் காய்ச்சலுக்கு என்ன பெயரென்று
யார் எழுதி வைத்தது?

மாஸ்க் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று.
பஸ் வேண்டாம், ஸ்கூட்டி.
இலக்கம் நாற்பத்தொன்று.
வாங்கின் நுனியில் குந்தினேன்.

பக்கத்தில் வந்து அமர்ந்தது ஒரு பிள்ளை.
தலையில் பூப்போட்ட துணி,
புருவமில்லாத நெற்றி.
மருந்து ஏற்றிய உடம்புக்குக் காற்றே பகை.
எழுந்தேன்.
மதிலோரம் வெயிலில் போய் நின்றேன்.

அவள் பார்த்தாள்.
பிறகு துணியை
இன்னும் கீழே இழுத்துவிட்டாள்.

ஐயோ, உன்னால் இல்லையடி.
என் முதுகைத் தொட்டு, புள்ளி வைத்து,
உயரம் காட்டி, சைகையில் சொன்னேன்.
தாய் அவளைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நாற்பத்தொன்று!"

"நான் உள்ளுக்கு வரேல்லை மிஸ்,
வீட்டில பிள்ளைக்கு அம்மாள் போல கிடக்கு"
என்றேன், தேவைக்கு மேலாக உரத்து.

முழு வாங்கும் திரும்பியது.
சிலர் சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்கள்.
பிள்ளை மட்டும்
துணியைக் கொஞ்சம் மேலே ஏற்றினாள்.

மிஸ் வெளியே வருகிறா,
கையில் என் கோப்பு,
முகத்தில் மாஸ்க்.
கண்ணை வைத்து ஒன்றும் பிடிபடவில்லை.