மொத்த எடை, வெற்று எடை

சந்தூர் ரோட்டில் நாலாவது நாளாக நிற்கிறது வரிசை.
டிராக்டர், டெம்போ, மறுபடி டிராக்டர்.
எல்லாவற்றிலும் பெங்களூரா.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்,
மாம்பழக்கூழ் கம்பெனியின் எடைமேடைக்காரி.
பி.காம். முடித்தவள்.
சீசனுக்கு மட்டும் சம்பளம்.

திங்கட்கிழமை போர்டில் ஏழு என்று எழுதினேன்.
செவ்வாய் மத்தியானம் ஆறு.
இன்று காலை போன் வந்தது,
விரலில் எச்சில் தொட்டு அழித்து
நாலு.
சாக்பீஸ் கையில் இருப்பதால்
விலை சொல்வதே நான்தான் என்று நினைக்கிறார்கள்
வரிசையில் இருப்பவர்கள்.

மேனேஜர் சொன்னதை அப்படியே சொன்னேன்:
எங்கேயோ ஒரு கடலில் சண்டையாம்,
கப்பலெல்லாம் சுற்றிக்கொண்டு போகிறதாம்,
போன வருசத்து டிரம்மே இன்னும் துறைமுகத்தில் நிற்கிறதாம்.
"எந்தக் கடல்?" என்றார் ஒருத்தர்.
எனக்குத் தெரியவில்லை.
நான் பார்த்த பெரிய தண்ணீர் கே.ஆர்.பி. அணைதான்.
"முன்னாடியே சொல்லியிருந்தா
எங்க மரம் பூக்காம இருந்திருக்குமேம்மா"
என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
சிரித்தார்கள். நானும்.
பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வெயிலில் நிற்கிற பழம் எடை இழக்கும்.
அடியில் இருப்பது கசியும்.
சாறு சொட்டி ரோடு பிசுபிசுக்கிறது,
செருப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது,
ஈக்களுக்கு மட்டும் இது நல்ல வருசம்.
அழுகலுக்கு நூற்றுக்கு எட்டு பிடித்துக்கொள்ளச் சொல்லி
கம்ப்யூட்டரிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள்.
நான் அமுக்கவே வேண்டாம்.

கேட்டுக்கு எதிரே பெட்டிக்கடையில்
மாம்பழ ஜூஸ், சின்ன பாட்டில், பத்து ரூபாய்.
இரண்டரைக் கிலோ கொடுத்தால் ஒன்று வாங்கலாம்.
மத்தூர் திம்மராயன் வாங்கினார்.
மூன்று ராத்திரி வண்டிக்கடியில் படுத்தவர்,
ஒரே மடக்கில் குடித்துவிட்டு
பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
எதைத் தேடினார் என்று நான் கேட்கவில்லை.

இதையும் சொல்லிவிட வேண்டும்.
என் தங்கை சுகுணா ஓசூரில் போன் கம்பெனியில் இருக்கிறாள்.
அவள் பொருத்துகிற சின்னத் துண்டு
எந்த ஊர்க்காரன் காதில் பேசுகிறதோ.
அந்தப் பணத்தில்தான் எங்கள் வீட்டில் கக்கூஸ் கட்டினோம்.
அம்மா இப்போது விடியும்வரை தூங்குகிறாள்.
உலகம் எங்கள் வாசலுக்கு வரவே வேண்டாம் என்று
என்னால் சொல்ல முடியாது.
வந்தது.
ஒரு கையில் கொடுத்ததை
இன்னொரு கையில் எடை போடுகிறது.

நாலரை மணிக்குத் திம்மராயன் வண்டி மேடை ஏறியது.
எடை போடும்போது ஆள் இறங்கிவிட வேண்டும்.
மைக்கில் நான் தினமும் முந்நூறு தடவை சொல்வது அது:
இறங்குங்க, இறங்குங்க.
அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவர்போல இருந்தார்.
மைக்கை எடுத்தேன்.
வைத்தேன்.

சிவப்பு எண்கள் ஓடி நின்றன:
ஐயாயிரத்து இருநூற்று அறுபது.
அமுக்கினேன்.

கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வந்தார்.
"அண்ணே, இறங்குங்க" என்றேன்.
இறங்கி, மேடைக்கு வெளியே
சட்டையை உதறிக்கொண்டு நின்றார்.
வெற்று எடை அடித்தேன்.
மூன்று நகல்.
மஞ்சள் அவருக்கு.

ராத்திரி கணக்கு முடிக்கும்போது போட்டுப் பார்த்தேன்.
ஆள் ஓர் அறுபது கிலோ இருப்பார்.
கிலோ நாலு ரூபாய்.
இருநூற்று நாற்பது.

இல்லை,
அவருக்கும் எட்டு சதவீதம் அழுகல் பிடித்திருக்கிறது கம்ப்யூட்டர்.
இருநூற்று இருபது ரூபாய், சில்லறை.

சீட்டைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தெரிந்ததா, தெரியவில்லையா.
நாளைக்குப் போர்டில் மூன்றரை.
சாக்பீஸ் தீர்ந்துவிட்டது,
வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.