மற்றவை

காதுத் துளை இரண்டிலும் குச்சி,
மூக்குத்தண்டுக்கு ஒரு முட்டு.
"எச்சில் விழுங்குங்க. பல்லைச் சேர்த்து வைங்க. அசையாதீங்க."
சோஹார் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்
ஒரு நாளைக்கு இருபது தடவை
நான் நாலு மொழியில் சொல்வது.
இன்று தமிழில்.

கலிஸ்டஸ் மச்சாது, வேம்பாறு.
துறைமுகத்தில் கிரேன்.
கீழ்த்தாடை முன்னால் நடக்க
பின்னால் வரும் முகம்.
பரோட்டாவை முன்பல்லால் கடித்ததே இல்லையாம்,
கிழித்துக் கடைவாயில் ஒதுக்குவாராம்.

திரையில் வெள்ளை எலும்பு.
பத்தொன்பது புள்ளி வைத்தேன்,
கோலத்துக்கு வைப்பதுபோல.
கோடு இழுக்கும் முன் கணினி கேட்டது:
எந்த இனம்?
ஐரோப்பியர், அரபியர், ஜப்பானியர், சீனர்,
கடைசியில்
மற்றவை.
மற்றவையைத் திறந்தால்
உள்ளே அதே ஐரோப்பியர் எண்கள்.

"அவர்கள் கணக்கில் ஒன்பது மில்லிமீட்டர் பின்னே தள்ள வேண்டும்.
எங்கள் கணக்கில் ஏழு.
உங்கள் ஆட்களுக்கு?"
டாக்டர் ஹைதம் அல் மக்பாலி
என் மோவாயைப் பார்த்தார்,
அது ஏதோ அச்சிட்ட அட்டவணை மாதிரி.
தடவிக்கொண்டேன்.
நான் தருமபுரி. அவர் கடல்.
எலும்புக்குத் தமிழ் தெரியுமா என்ன.

"எனக்கே எங்கள் கணக்கு பொருந்தாது" என்றார் டாக்டர்,
"அம்மா வழி ஸான்ஸிபார்."

வீட்டு ஆட்கள் படம் இருக்கிறதா?
இருந்தது. தங்கச்சி கல்யாணம், முப்பத்தோரு பேர்,
எல்லாரும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள்.
பக்கவாட்டில் ஒரே ஒருத்தி,
ஓடும் பிள்ளையை அதட்டத் திரும்பிய பிலோமி அக்கா.
வாய் திறந்திருக்கிறது.
அளக்க முடியாது.

கலிஸ்டஸுக்கு வேறு கவலை.
கேம்ப் கேட்டில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் மிஷின்.
"ஆப்பரேஷன் முடிஞ்சு போனா
என்னைத் தெரியலன்னு சொல்லிச்சுன்னா?
அன்னைக்குச் சம்பளம் போச்சே அண்ணாச்சி."
இதை மொழிபெயர்த்தேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.
கம்பெனிக்கு ஒரு கடிதம் என்று குறித்துக்கொண்டார்.

பிறகு அவரை விளக்கடியில் நிறுத்தி
இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்,
பேசச் சொன்னார், சிரிக்கச் சொன்னார்,
கணினியை மூடிவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.
பென்சிலால் எட்டு என்று எழுதினார்.
அழித்தார்.
ஏழரை.

"எவ்வளவாம்?" என்றார் கலிஸ்டஸ்,
காதுக்குள் குச்சி பதிந்த சிவப்போடு.

ஏழரை என்று
எந்தத் தமிழனிடம் எந்தத் தமிழன் சொல்வான்.
எட்டுக்குக் கொஞ்சம் கம்மி என்றேன்.